மலேசியாவிலிருந்து வந்த 100 கிராம் பறவைக் கூடு: சேலத்து அடுப்பில் வைத்துப் பார்த்தபின்

கோடாலித் தைலமும் மைலோவும் வந்த பையில் இப்போது பறவைக் கூடும் வருகிறது: ஒரு சின்னக் குருவி தன் எச்சிலால் கட்டுவது, ஊறவைத்து வேகவைத்துச் சாப்பிடுவது. மலேசியா, சிங்கப்பூரில் உறவுக்காரர்கள் இருக்கும் சேலத்து வீடுகளில், வெல்வெட் துணி போர்த்திய அந்தப் பெட்டி பீரோவுக்குள் மாதக்கணக்கில் தூங்குகிறது. நல்ல சரக்கா, போலியா, எப்படிச் சமைப்பது, கொடுத்த காசுக்குத் தகுமா என்று சொல்ல பக்கத்தில் ஆள் கிடையாது. அதற்காகத்தான் இந்த விமர்சனம்.

எடுத்துக்கொண்ட பொருள், கழுவிச் சுத்தம் செய்து காயவைத்த முழுக் கிண்ணக் கூடு. பெட்டியில் 100 கிராம் என்று போட்டிருக்கிறது, ரசீது 520 ரிங்கிட். நம் காசுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கீழே உள்ள சோதனைகளை எந்தப் பெட்டிக்கும் செய்யலாம்.

முதல் வேலை எடை. சமையலறைத் தராசு இதற்கு உதவாது, ஒரு கிராமுக்குக் கீழே அது காட்டாது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு நிறுக்கும் தராசு போல ஒன்று வேண்டும். நிறுத்ததில் முழுக் கூடு 13, எல்லாம் சேர்த்து 91.4 கிராம். மீதி 8.2 கிராம் அடியில் இருந்த பஞ்சுத் தாளுக்குக் கீழே உடைந்த துண்டுகளாகக் கிடந்தது. மொத்தம் 99.6, எடையில் குறை சொல்ல முடியாது. ஆனால் துண்டும் தூளும் முழுக் கிண்ணத்தைவிட மலிவாக விற்கிற தரம். மேலே "முழுக் கூடு" என்று எழுதிவிட்டு அடியில் துண்டைத் தள்ளுவது நேர்மை இல்லை. பெட்டி கைக்கு வந்ததும் அந்தத் தாளைத் தூக்கிப் பாருங்கள்.

கூடு ஒன்று சராசரியாக 7 கிராம். இது சரியான அளவு. வீட்டுக் கூடுகள், அதாவது குருவி வந்து தங்குவதற்கென்றே கட்டிய இருட்டு வீடுகளில் எடுப்பவை, பெரும்பாலும் 6 முதல் 10 கிராம் வரை இருக்கும், கிலோவுக்கு நூற்றுச் சொச்சம் கூடு நிற்கும். கையில் எடுத்து ஓரத்தை ஒடித்தால் அப்பளம் போல "டக்" என்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்தப் பெட்டியில் எல்லாமே முறிந்தன.

கூட்டைப் பார்த்து அது வளர்ந்த வீட்டையே படித்துவிடலாம். உழவாரன் இனத்தைச் சேர்ந்த இந்தச் சின்னக் குருவி, நாக்குக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து வரும் எச்சிலை நூல் நூலாக இழுத்து, மரப்பலகையில் ஒட்டி ஒட்டிக் கூடு கட்டும். ஒரு கூடு முடிய ஒரு மாதத்துக்கு மேலாகும். டார்ச் விளக்கை உள்பக்கம் பிடித்தால் அந்த நூல் வரிசை தெரியும், நடுவில் வலை, ஓரத்தில் அடுக்கு. பலகையில் பிடித்திருந்த இரண்டு முனையும் கெட்டியாக இருக்கும். அதை வியாபாரிகள் கால் என்பார்கள், அது ஊற நேரம் பிடிக்கும். வரிசையே இல்லாமல் கண்ணாடித் தாள் போல வழவழவென்று இருந்தால் பசை பூசியிருக்கிறார்கள்.

நிறத்தை வைத்து வீட்டின் காற்றோட்டத்தைச் சொல்லலாம். நல்ல கூடு யானைத் தந்தத்தின் நிறத்தில், லேசான மஞ்சளோடு இருக்கும். எச்சம் தரையில் குவிந்து, காற்று வெளியேறாத வீட்டில் அதிலிருந்து கிளம்பும் ஆவி பட்டு, கூடு மஞ்சளாகி பிறகு சிவக்கும். "ரத்தக் கூடு" என்று கூடுதல் விலைக்கு விற்றது இதைத்தான். பறவை ரத்தம் கக்கிக் கட்டியது என்பது வெறும் கதை. 2011இல் மலேசியாவிலிருந்து போன சிவப்புக் கூடுகளில் நைட்ரைட் (அளவு மீறினால் உடலுக்குக் கெடுதலான ஓர் உப்பு) அளவுக்கு மீறி இருப்பதைச் சீனா கண்டுபிடித்து இறக்குமதியை நிறுத்தியது. அதன்பின் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தார்கள். ஆகவே சிவப்பு வேண்டாம். தாள் மாதிரி பளீர் வெள்ளையும் வேண்டாம், அது ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுத்ததாக இருக்கலாம். இந்தப் பெட்டியில் 11 கூடு அந்தத் தந்தத்தின் நிறம், மற்ற இரண்டும் ஓரத்தில் மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்ததும் நம்பிக்கைதான் வந்தது, வெளுக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஒன்றை மட்டும் சுத்தம் செய்த கூட்டில் படிக்க முடியாது: குஞ்சு பறந்தபின் எடுத்ததா, முட்டைக்கு முன்பே பிடுங்கியதா? குருவி இரண்டு முட்டை இடும். அடைகாக்க மூன்று வாரத்துக்கு மேல், குஞ்சு பறக்க இன்னும் ஆறு வாரம். பொறுமையுள்ள பண்ணைக்காரர் குஞ்சு பறந்தபின்தான் தண்ணீர் தெளித்து, கூட்டை இளக வைத்து, தகட்டால் நெம்பி எடுப்பார். அப்படி எடுத்ததில் இறகும் அழுக்கும் நிறைய இருக்கும், இடுக்கி வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், கூலி ஏறும். முட்டைக்கு முன்பே எடுத்தால் கூடு சுத்தமாக இருக்கும், கூலி மிச்சம். பறவை மறுபடி எச்சில் வடித்துக் கட்டும், மறுபடி பிடுங்குவார்கள். இறகே இல்லாத கூடுதான் உயர்ந்தது என்று நாம் தேடித் தேடி வாங்கினால் அந்தப் பறவைக்குக் கேடு. இந்தப் பெட்டியில் ஒரு கூட்டை ஊறவைத்தபோது 11 பொடி இறகு கிடைத்தது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டோம்.

போலியைக் கண்டுபிடிக்க, சேலத்துக்காரர்கள் கைவசம் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: ஜவ்வரிசி. ஊறிய கூட்டில் ஒரு துணுக்கை ஒரு தட்டிலும் ஊறிய ஜவ்வரிசி ஒன்றை இன்னொரு தட்டிலும் வைத்து, காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். ஜவ்வரிசி கருநீலமாகும். கூடும் அப்படி ஆனால் மாவு கலந்திருக்கிறது. ஆகாவிட்டாலும் முழு நிம்மதி அடைய வேண்டாம், பிசின் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பார்க்க வேண்டும். எச்சில் புரதம் என்பதால் முடி கருகும் வாடை வரும், பிசின் சர்க்கரை கருகுவது போல மணக்கும். பன்றித்தோல் கலந்திருந்தால் அதுவும் புரதம்தான், அதே முடி வாடைதான் வரும். அங்கே நூல் வரிசை ஒன்றுதான் துணை. இந்தப் பெட்டி மூன்றிலும் தேறியது. ஊறிய தண்ணீரும் பால் போலக் கலங்கவில்லை.

இனி சமையல். ஒருவருக்கு 4, 5 கிராம் போதும், 7 கிராம் கூடு ஒன்று இரண்டு பேருக்குத் தாராளம். போர்வெல் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். கூட்டுக்கென்று சுவையே கிடையாது, ஆகவே தண்ணீரின் உப்பு அப்படியே நாக்கில் நிற்கும். கொதித்து ஆறின மேட்டூர் தண்ணீரோ கேன் தண்ணீரோ நல்லது. நான்கு மணி நேரம் ஊறியதும் 7.1 கிராம் கூடு 48 கிராம் ஆனது, ஏறத்தாழ ஏழு மடங்கு. சரக்கு சரி என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம். முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், நைட்ரைட் இருந்தால் பெரும்பகுதி அதோடு போய்விடும். வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பி, நூல்போக்கில் பிரித்து, இறகை இடுக்கியால் எடுத்து, வடிகட்டியில் இன்னொரு முறை அலசுங்கள். கால் என்று சொன்ன அந்தக் கெட்டி முனை மட்டும் ஊறாமல் கல்லுப்போல நின்றால், அதைத் தனியே எடுத்து இன்னும் இரண்டு மணி நேரம் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்தால் மெல்லிய நூல் கரைந்துவிடும், கால் நறுக்கென்று இருக்கும். முதல் முறை பலருக்கும் கெடுவது இங்கேதான்.

நேரடியாகத் தீயில் வைக்கக் கூடாது. மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தில் கூட்டைப் போட்டு, அது மூழ்கி ஒரு விரல் மேலே நிற்கிற அளவு தண்ணீர் விட்டு, அந்தக் கிண்ணத்தை இட்லிப் பானைக்குள் வைத்து மூடிச் சின்னத் தீயில் 35 நிமிடம். பானைத் தண்ணீர் கிண்ணத்தின் பாதிக்கு மேல் ஏறக் கூடாது. குக்கரில் விசில் விட்டு வேகவைத்தால் சூட்டில் நூலெல்லாம் கரைந்து கஞ்சித் தண்ணீர்தான் மிஞ்சும், பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அந்தக் கதி வேண்டாம். வெந்ததற்கு அடையாளம்: கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக வழுக்கித் தொங்கும், மேலே முட்டை வெள்ளைக்கரு போல லேசான வாடை, நுரை. பனங்கற்கண்டைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள், முதலிலேயே போட்டால் கூடு சரியாக உப்பாது. ரம்பை இலை கிடைத்தால் ஒரு துண்டு, இல்லையென்றால் இரண்டு வில்லை இஞ்சி. ஏலக்காய் வேண்டாம், இந்த மென்மையை அது அடித்துவிடும். வாயில் வைத்தால் கடல்பாசியைவிட நெகிழ்வு, ஜவ்வரிசியின் பிசுபிசுப்பு கிடையாது. இந்தப் பெட்டியின் கூடு இங்கே முழு மார்க் வாங்குகிறது.

சத்துக்கு என்று வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. காய்ந்த கூட்டில் பாதிக்கு மேல் புரதம், 7 கிராமில் சுமார் 4 கிராம். நாமக்கல் முட்டை ஒன்றில் 6 கிராம் இருக்கிறது. சியாலிக் அமிலம் (எச்சிலில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரை அமிலம்) பத்து சதவீதத்தை ஒட்டி இருப்பது உண்மை. ஆனால் அதைக் காட்டித் தோல் மினுக்கும், நுரையீரல் தேறும் என்று அட்டையில் எழுதுவதை நம்பிப் பணம் போடாதீர்கள். அந்த மென்மைக்காகச் சாப்பிடுங்கள், அதற்கு இது தகும். இது சைவம் இல்லை, விரத நாளில் பரிமாறிவிட்டுப் பிறகு சங்கடப்பட வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கவனம்: பறவைக் கூட்டுக்குக் கடும் ஒவ்வாமை உண்டு, சிங்கப்பூர் மருத்துவர்கள் குழந்தைகளிடம் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். முதல் முறை ஒரு தேக்கரண்டி, பகல் நேரத்தில், அவ்வளவுதான். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

கூடவே வந்த குட்டி பாட்டில் பானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இந்த வகையில் காய்ந்த கூடு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், மீதி சர்க்கரைத் தண்ணீரும் கெட்டிப்படுத்தும் பசையும். வாங்க வேண்டாம்.

மீதிக் கூட்டை வைப்பதில் சேலமும் ஏற்காடும் ஒன்றல்ல. கீழே வெயில் காலத்தில் காற்றுப்புகாத டப்பா போதும். மேலே ஐப்பசி, கார்த்திகைப் பனிமூட்டத்தில் காபிக் கொட்டையே ஈரம் இழுக்கும்போது இது எம்மாத்திரம்? டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். கரும்புள்ளி பூசணம் ஒன்று தென்பட்டால் அந்தக் கூட்டைக் கழுவிப் பார்க்காமல் வீசிவிடுங்கள்.

பெட்டியைப் பார்த்ததும் அடுத்த கேள்வி வந்துவிடும்: நம் எஸ்டேட் குடோனில் குருவிச் சத்தம் போடும் ஒலிப்பெட்டி வைத்து இந்தக் குருவியை வரவழைக்கலாமா? வராது. எச்சிலாலேயே இந்த வெளிர் கூட்டைக் கட்டும் இனம் இந்தியாவில் அந்தமான் நிக்கோபாரில் மட்டும்தான் இருக்கிறது. கோவை ஆனைக்கட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றிய ரவி சங்கரன், குகைக் கூடுகளைப் பிடுங்கிப் பிடுங்கி அங்கே அவை அழிந்து வந்ததைக் கண்டறிந்து காப்பாற்றும் வேலையைத் தொடங்கியவர். மேற்குத் தொடர்ச்சி மலைக் குகைகளில் இருக்கும் அதன் உறவினம், எச்சிலோடு பாசியும் இறகும் கலந்து கட்டும். சேலம் வானத்தில் சாயங்காலம் வட்டமடிப்பது நாட்டு உழவாரன். பனையோலைக்கு அடியில் இறகை எச்சிலால் ஒட்டிச் சின்னக் கூடு வைப்பது பனை உழவாரன். இரண்டுமே சாப்பிடும் கூட்டைத் தராது. தட்பவெப்பமும் ஒத்து வராது. குருவி வீட்டுக்குள் ஆண்டு முழுக்க 27 முதல் 29 டிகிரி, 80க்கு மேல் ஈரப்பதம், கும்மிருட்டு வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலும் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டு மார்கழிக் குளிரும் இரண்டு பக்கமும் அதைத் தாண்டிப் போய்விடும். ஈரம் தெளிக்கும் கருவி போட்டு அறையைச் சரிப்படுத்திவிடலாம், இல்லாத பறவையை வரவழைக்க வழி இல்லை. குருவி வீட்டு "செட்" விற்க யாராவது வந்தால், எந்த இனக் குருவி வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நம் ஊர்க் குகைக் கூட்டை "லோக்கல் சரக்கு" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

இந்தப் பெட்டிக்கு ஐந்தில் மூன்றரை. கூட்டின் தரத்துக்கு நான்கரை, அடியில் துண்டைப் பதுக்கியதற்கு ஒன்று போயிற்று. மறுபடி வாங்கலாம், ஆனால் உறவுக்காரரிடம் இப்படிச் சொல்லி அனுப்புங்கள்: வெல்வெட் பெட்டி வேண்டாம், கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் 50 கிராம் போதும். முழுக் கூடு எத்தனை என்று எண்ணி ரசீதில் எழுதி வாங்கட்டும். நாடு, சுத்தம் செய்த தேதி, மலேசியச் சரக்கு என்றால் கால்நடைச் சேவைத் துறைப் பதிவு எண் மூன்றும் அட்டையில் இருக்கட்டும். ஓரத்தில் கொஞ்சம் மஞ்சளும் ஓரிரண்டு இறகும் தெரிந்தால் தயங்காமல் எடுக்கட்டும்.