தலையில் மாட்டும் டார்ச் செட் வாங்கி ஏமாந்தேன், நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. அதற்காகத்தான் அந்த செட்டை ஆன்லைனில் வாங்கினேன். தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் ஒன்று, நம்மிடம் ஏற்கனவே இருக்கும் டார்ச்சைச் செருகி நெற்றியில் கட்டிக்கொள்ள எலாஸ்டிக் பட்டை ஒன்று, சட்டைப் பையில் குத்திக்கொள்ளவும் இரும்பில் ஒட்டவும் காந்தம் வைத்த கிளிப் விளக்கு ஒன்று. மூன்றில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. ஒன்று ஆபத்தானதும்கூட. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அக்கா குடும்பத்தோடு முகாமுக்குப் போயிருந்தோம். இடத்துக்குப் போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. கூடாரத்துக் கம்பிகளை நான் கோர்க்க, அத்தான் முளை அடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் என் நெற்றியிலிருந்துதான். முந்தைய நாள் பச்சை விளக்கு வரும்வரை சார்ஜ் ஏற்றியிருந்தேன், பெட்டியில் 20 மணி நேரம் என்று போட்டிருந்தது. நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை, அக்கா மகன், "சித்தி, உங்க லைட் மங்குதே" என்றான். அடுத்த சில நிமிடங்களில் அணைந்தே போனது.

சரி, பட்டையாவது இருக்கிறதே என்று சாதாரண டார்ச்சை அதில் செருகி மாட்டினேன். கோணத்தை மாற்றுவதற்கென்று ஒரு பிளாஸ்டிக் கீல் இருக்கிறது, அதன் பற்கள்தான் டார்ச்சின் எடையைத் தாங்க வேண்டும். நான் குனிந்ததும் பல் உடைந்து டார்ச் கழன்று விழுந்தது. அத்தான் சுத்தியலை ஓங்கிய நேரம் அது. கட்டைவிரலில் அடி விழுந்து, விடிவதற்குள் நகம் கறுத்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன்பு செய்திருக்க வேண்டியது. பெட்டியில் மூன்று எண்கள்: 12,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு), 9,900 எம்.ஏ.எச். பேட்டரி (அதில் ஏற்றி வைக்க முடிகிற சார்ஜின் அளவு), 20 மணி நேரம். எல்.இ.டி. டார்ச் ஒன்று ஒரு வாட் மின்சாரத்தில் ஏறத்தாழ 100 லூமென் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 12,000 லூமெனுக்கு 120 வாட் வேண்டும். பேட்டரியில் 9,900 எம்.ஏ.எச். இருப்பது உண்மை என்றே எடுத்துக்கொண்டாலும், அதை ஆயிரத்தால் வகுத்து இந்த வகை பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட்-மணிகூட வராது, அதாவது 37 வாட் விளக்கை ஒரு மணி நேரம் எரிக்கக்கூடப் போதாது. அந்த வெளிச்சத்தில் அது பதினெட்டு நிமிடம்தான் எரியும். அதற்கும் முன்னால், 120 வாட்டில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியே வரும், அதை நெற்றியில் கட்டிக்கொள்ளவே முடியாது. வேறு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பெட்டியின் எண்களே ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன.

பேட்டரி 18650 வகை. விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. என்பதால் அந்தப் பெயர். நல்ல தயாரிப்பாளர்களுடைய 18650 பேட்டரிகள் பெரும்பாலும் 2,000 முதல் 3,600 எம்.ஏ.எச். வரைக்கும்தான் இருக்கும். இந்த அளவில் 9,900 என்று அச்சடித்திருந்தால், அந்த ஒரு எண்ணை வைத்தே அது போலி என்று முடிவு செய்துவிடலாம். இன்னொரு சோதனையும் இருக்கிறது, சமையலறைத் தராசு போதும். நல்ல 18650 ஏறக்குறைய 45 கிராமிலிருந்து 50 கிராம் வரை இருக்கும். என்னுடையது 26 கிராம். எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவர் தன்னிடமிருந்த கருவியில் போட்டு அளந்தார். 870 எம்.ஏ.எச். வந்தது, எழுதியிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்படிப்பட்ட உறைகளுக்குள் சின்ன பேட்டரி ஒன்றை வைத்து, மிச்ச இடத்தைப் பொடியால் நிரப்புவதும் உண்டாம். என்னுடையதில் என்ன இருந்தது என்று நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. நீங்களும் பிரிக்காதீர்கள், லித்தியம் பேட்டரி உள்ளே ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

அவர் அதோடு விடவில்லை. "எதில் சார்ஜ் போட்டீங்க?" என்று கேட்டு, செட்டோடு வந்த சார்ஜரில் மீண்டும் ஏற்றிப் பார்த்தார். இந்த வகை பேட்டரிக்கு சார்ஜ் ஏறுவது 4.2 வோல்ட்டில் நிறுத்தப்பட வேண்டும், அதற்கு மேல் ஏறினால் தீப்பிடிக்கலாம். பச்சை விளக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை, மீட்டர் 4.3-ஐத் தாண்டியதும் அவரே பிடுங்கிவிட்டார். அளவுக்கு மேல் ஏறினால் துண்டித்துவிடும் பாதுகாப்பு சர்க்யூட் எதுவும் பேட்டரியிலும் இல்லை. இதைத்தான் நான் இரண்டு இரவு படுக்கைக்குப் பக்கத்தில் செருகிவிட்டுத் தூங்கியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது.

காந்த விளக்கு வேறு விதமான பிரச்சினை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகியதைப் பார்க்க அதை ஒட்ட வைத்தேன். சுற்றி இருந்ததெல்லாம் துருப்பிடிக்காத எஃகும் பிளாஸ்டிக்கும். எஃகில் காந்தம் ஒட்டாத ரகங்களும் இருக்கின்றன, அது விற்றவர் தவறில்லை. ஆனால் இரும்பு அலமாரியில் ஒட்டினாலும் நழுவிக்கொண்டே வந்தது, காந்தத்தை வைத்திருந்த பசை விட்டுப்போயிருந்தது. காந்தம் தனியாகக் கையோடு வந்துவிட்டது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இதை யோசித்துப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் குடல் சுவரை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், குடலில் ஓட்டையே விழலாம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. வலுவான காந்தத்தை அதிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த விளக்கோ சட்டைப் பையில், நெஞ்சின் மேலேயே குத்திக்கொள்வதற்காகச் செய்தது. பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை கிடையாது. நல்லவேளையாக அப்பா அதைத் தொடவில்லை.

விற்றவரிடம் புகார் செய்தேன். முதலில் வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். இன்னொரு கோணத்தில் கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். இப்படியே திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துவிட்டது. அப்புறம், பாதிப் பணம் தருகிறோம், எழுதிய விமர்சனத்தை எடுத்துவிடுங்கள் என்று செய்தி வந்தது. எடுக்கவில்லை. விற்பனைப் பக்கத்தில் அதற்கு இருந்த நாலரை நட்சத்திர மதிப்பீட்டையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பழைய விமர்சனங்களில் பாதி போன் உறையைப் பற்றியது! வேறு பொருள் விற்ற பக்கத்தில் பெயரையும் படத்தையும் மாற்றி இதைப் போட்டிருக்கிறார்கள். அதனால் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஓராண்டுக்கு முந்தைய விமர்சனங்களில் நாலைந்தாவது படித்துப் பாருங்கள்.

இப்போது எண்ணை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன். டார்ச்சுகளுக்கு ஆன்சி எஃப்.எல்.1 என்று ஒரு அளவீட்டு முறை 2009 முதல் இருக்கிறது. அதன்படி அளந்த பெட்டியில் லூமென், தூரம், எரியும் நேரம் ஆகியவை சின்னச் சின்னப் படங்களோடு இருக்கும். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எரியும் நேரம் என்பது வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எண்ணப்படுவது, முழு வெளிச்சத்தில் எரியும் நேரம் இல்லை. தண்ணீர் விஷயத்தில் ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். என் பெட்டியில் அதற்கும் மேலே, தூசியும் புகாது, தொடர்ந்து தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்று பொருள்படும் ஐ.பி.68 என்று இருந்தது. சார்ஜ் போடும் துளைக்கு ஒரு ரப்பர் மூடிகூட இல்லை.

கூடாரம் போடவும் தொட்டிக்கு அடியில் பார்க்கவும் ஆயிரக்கணக்கில் லூமென் தேவையே இல்லை என்பதும் புரிந்தது. கைக்கெட்டும் தூரத்து வேலைக்கு 100 லூமெனே தாராளம், அகலமாகப் பரவினால் போதும். லென்ஸை இழுத்து வெளிச்சத்தைக் குவிக்கும் வகை பக்கத்து வேலைக்கு உதவாது, ஒரு சின்ன வட்டம் மட்டும் கண்ணைக் கூசும், சுற்றிலும் இருட்டாக இருக்கும். இப்போது வைத்திருப்பது மூன்று சிறிய பேட்டரி போடும் சாதாரண ஹெட்லேம்ப். பெட்டியில் 200 லூமென் என்று போட்டிருந்தது. கீலை கடையிலேயே இருபது முறை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

அந்தப் போலி பேட்டரியின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும், குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. பணம் இதுவரை வரவில்லை. அதே படம் நேற்று வேறொரு பெயரில் விற்பனையில் இருந்தது, லூமென் மட்டும் 20,000 ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டில் இந்த மாதிரி செட் இருந்தால், இன்று இரவு சார்ஜில் போடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றித் தராசில் வையுங்கள்.