பழைய ஃபியட்டுக்குப் புது எஞ்சின், புது சஸ்பென்ஷன் போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். மேலே பழைய பாடி, கீழே எல்லாமே புதுசு என்று ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கும் ஒரு பட்டறையில், அப்பா காலத்து 1970 மாடல் ஃபியட் 1100 டிலைட்டைக் கொடுத்தேன். 4 லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். வண்டி இப்போது சாலையில் இறக்க லாயக்கில்லாமல் ஷெட்டில் நிற்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இதே வியாபாரத்தை வேறு பெயரில் செய்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

பட்டறைக்காரர் முதல் நாள் சொன்னது: "சார், இது கட்டை வண்டி. அடியில இருக்கிற எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஈகோ எஞ்சின், ஈகோ சஸ்பென்ஷன் வெச்சுடலாம். அப்படியே மிதக்கும்." மாருதியின் ஈகோ வேனைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபியட் பின்சக்கர இழுவை வண்டி. ஈகோவின் எஞ்சினும் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தைத்தான் இழுக்கிறது. அதனால் கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும்.

கட்டை வண்டி, அதாவது முன்னும் பின்னும் ஒரே கட்டை ஆக்சில் என்பதுதான் சுத்தப் பொய். 1100-இல் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். இரண்டு ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங். பின்னால்தான் கமான் பட்டையும் (லீஃப் ஸ்பிரிங்) ஒரே கட்டையாக ஆக்சிலும். சரி, ஈகோவில் பின்னால் என்ன இருக்கிறது? அங்கேயும் ஒரே ஆக்சில்தான், பட்டைக்குப் பதில் காயில் ஸ்பிரிங். புஷ்களையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி, பட்டையைக் கழற்றிச் சரிசெய்திருந்தாலே வண்டி நன்றாக ஓடியிருக்கும். அதில் அவர்களுக்கு என்ன லாபம்?

வினையே முன்பக்கத்தில்தான். ஃபியட்டின் பழைய அமைப்பில் முன்பக்கப் பாரம் கீழே, குறுக்கே போகும் கிராஸ் மெம்பரில் இறங்கும். ஈகோவின் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் ஸ்ட்ரட் வகை. பாரம் மேலே, ஸ்ட்ரட்டின் தலை போய் முட்டும் இடத்தில் ஏறும். ஈகோவில் அந்த இடத்தை அதற்கென்றே கனமாகக் கட்டியிருப்பார்கள். ஃபியட்டில் அங்கே இருப்பது சக்கரத்துச் சேறு எஞ்சினில் தெறிக்காமல் மறைக்கும் ஏப்ரன் தகடு. ஐம்பது வருடம் கடற்காற்று குடித்த தகடு வேறு. அதன் மேல் ஒரு பிளேட்டை வைத்து வெல்டிங் அடித்து, பட்டி பூசி, கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பார்க்கக் கம்பெனி வேலை மாதிரியே இருக்கும். ஈ.சி.ஆரில் கொஞ்சம் ஓடியதும் பானட் மூடுவது இறுகியது, அப்புறம் கதவு இடைவெளி மாறியது. பட்டியைச் சுரண்டிப் பார்த்தால் தகடு வெல்டிங் ஓரமாகக் கிழிந்திருக்கிறது. இது போதாதென்று, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப் இடிக்கிறது என்று கிராஸ் மெம்பரின் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸ்டீயரிங் கதை தனி. அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாகக் கடலூர் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி ஒரு பக்கம் வெட்டியது. பட்டறையில் கேட்டால், "புது சஸ்பென்ஷன் சார், செட்டாக டைம் எடுக்கும்." கடலூரில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் ஒரு தம்பிதான் விஷயத்தைப் பிடித்தார். "நிக்கும்போது ரீடிங் கரெக்டா இருக்கு சார். ஜாக்கி வெச்சு ஏத்தி இறக்கினா டோ மாறுது பாருங்க. ராக்கை ரொம்ப மேல ஏத்தி வெச்சிருக்காங்க. இதை என் மெஷின்ல சரி பண்ண முடியாது." டோ என்பது மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. ஸ்டீயரிங் ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடும் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மும் ஒத்த வளைவில் ஏறி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் மேடு ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே அது திரும்பும். 80-இல் போகும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி காசு வாங்கவில்லை, வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று மட்டும் சொன்னார். மீட்பு வண்டியில் ஏற்றித்தான் ஆல்பேட்டை தாண்டி வீடு வந்து சேர்ந்தேன்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் அதிர்ந்தது. கியர்பாக்ஸ் சாய்வும் டிஃபரன்ஷியல் சாய்வும் ஒத்துப்போகாமல் கட்டினால் ஜாயிண்ட் கிராஸ் எத்தனை முறை மாற்றினாலும் அதிரத்தான் செய்யும். அதற்கும் அவர்கள் வீல் பேலன்ஸிங் பில் போட்டார்கள்.

இதையெல்லாம்கூடக் காசு செலவழித்துத் திருத்திவிடலாம். காகிதத்தைத் திருத்த முடியவில்லை. "ஆர்.சி.யில ஏத்தித் தர்றது எங்க பொறுப்பு" என்று வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவே அனுப்பியிருந்தார்கள். 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அப்போது எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பார்ப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். அது உரிமையாளர் மேல் வரும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இதையே காரணம் காட்டிக் கையை விரிக்கலாம். இவர்கள் போட்ட ஈகோ எஞ்சின் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கு ஒரு சீட்டும் இல்லை.

விண்டேஜ் பதிவு செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். 2021-இல் அதற்கென்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் 10 ஆண்டுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண். தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்கு எடுக்கலாம். ஆனால் வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. என் வண்டி வயதில் தேறியது, பட்டறைக்குப் போய் வந்ததால் அடிபட்டது.

அப்படியானால் அசல் எஞ்சினையே திரும்ப ஏற்றிவிடலாம் என்று கேட்கப் போனபோதுதான் பெரிய அடி. "அதையா? பழைய இரும்புக்குப் போட்டாச்சு சார், இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு." 1089 சிசி எஞ்சின், நான்கு கியர் பாக்ஸ், கிரவுன் செட், முன்பக்க ஆர்ம்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாமே. என்னைக் கேட்கவில்லை, விற்ற காசையும் கணக்கில் காட்டவில்லை. ஆர்.சி.யில் இருக்கும் எண் அந்த எஞ்சினில்தான் அடித்திருக்கிறது. அதனால் யாரிடம் வேலை கொடுத்தாலும், கழற்றும் பொருள் ஒவ்வொன்றையும் அன்றைக்கே டாடா ஏஸ் வைத்தாவது வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பென்சில் தேய்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத்தாளில் எழுதிய எஸ்டிமேட்டைத் தவிர பட்டறை எனக்கு ஒரு பில்லும் தரவில்லை. வங்கிவழி அனுப்பிய பணமும் அந்தக் குரல் பதிவும்தான் இப்போது கை கொடுக்கின்றன. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தாலே வழி சொல்கிறார்கள். இதே மாதிரி மாட்டியவர்கள் புதுச்சேரியில் இருந்தால் தனித்தனியாகப் புகார் கொடுங்கள்.

ஒரு உதவியும் கேட்கிறேன். விழுப்புரம், கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய ஸ்பேர் கடைகளில் ஃபியட் 1100 எஞ்சின் ஏதாவது கண்ணில் பட்டால், அதில் அடித்திருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள். என் ஆர்.சி.யில் உள்ள எண்ணாக இருந்தால் கடைக்காரர் சொல்லும் விலைக்கு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.