டேட்ஜஸ்ட்டா, ஸ்பீட்மாஸ்டரா?

அப்பாவின் எச்எம்டி ஜனதா வாட்சுக்குக் காலையில் சாவி கொடுத்துவிட்டுத்தான் இன்றைக்கும் நான் பல்லே தேய்ப்பேன். அதனால், அல்சூரில் பக்கத்து வீட்டுப் பையன் "அண்ணா, போனஸ் வந்திருக்கு, ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட்டா ஒமேகா ஸ்பீட்மாஸ்டரா?" என்று கேட்டால் என் பதில் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாயத்தான் செய்யும்.

நேரம் பார்க்க மட்டும் என்றால் இரண்டுமே வேண்டாம். 1969 டிசம்பரில் பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான ஜப்பானின் சீக்கோ அஸ்ட்ரான் வந்தபோதே அந்தப் போட்டி முடிந்துவிட்டது. குவார்ட்ஸ் அலையில் சுவிஸ்காரர்களே ஆடிப்போனார்கள். இங்கே 1961ல் சிட்டிசன் கூட்டோடு ஜாலஹள்ளியில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்எம்டியும் ஓசூர் டைட்டனுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தேய்ந்து, 2016ல் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது.

சரி, டேட்ஜஸ்ட். 1945ல் பிறந்தது. கை அசைவிலேயே ரோட்டர் என்கிற உள் எடைத்தகடு சுற்றி ஸ்பிரிங் இறுகும், ராத்திரி பன்னிரண்டுக்குத் தேதி டக்கென்று மாறும், 100 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும். இப்போதைய மாடலுக்கு 70 மணி நேர இருப்பு. வெள்ளி ராத்திரி கழற்றி வைத்தாலும் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளை மாதிரி, குறை சொல்லவே இடம் தராது.

ஸ்பீட்மாஸ்டர் 1957ல் கார் பந்தயத்தில் நேரம் அளக்க வந்தது. 1965ல் நாசாவின் சோதனைகளில் தேறி, 1969 ஜூலையில் ஆல்ட்ரின் கையோடு நிலவுக்கே போனது. அந்த நிலா மாடலில் தேதி கிடையாது, தண்ணீருக்கு 50 மீட்டர்தான், 50 மணி நேரத்தில் நின்றுவிடும். முக்கியமாக, இன்னமும் கையால்தான் சாவி கொடுக்க வேண்டும்.

என் மனசு அங்கேதான் விழுந்தது. சிவாஜி நகரில் ஜனதாவைச் சர்வீஸ் செய்து தந்த பெரியவர், "தம்பி, இறுகுற இடம் விரலுக்கே தெரியும், அங்க விட்டுடணும்" என்றார். முதலில் லேசாகக் கரகரக்கும், போகப்போக விரலுக்குக் கனக்கும், பிறகு சட்டென்று நிற்கும். ஸ்பீட்மாஸ்டரிலும் அதே நிறுத்தம் உண்டு. டேட்ஜஸ்ட் மாதிரி தானாக இறுகுகிற ஆட்டோமேட்டிக்கில் அது இல்லை. ஸ்பிரிங்கின் வெளிமுனை உள்ளே வழுக்கிக்கொடுக்கும், எவ்வளவு திருகினாலும் நிறைந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியாது.

பையன் போனுக்குச் சார்ஜ் போடவே மறக்கிற ஆள். அவனுக்கு டேட்ஜஸ்ட்தான் சொன்னேன். நான் வாங்குவதென்றால் ஸ்பீட்மாஸ்டர், ஆனால் ஜனதா ஓடுகிறவரை வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது.