புகை வருது, மருந்து போகேல்லை: கைக்கு அடக்கமான 'நெபுலைசர்' வாங்குவோர் கவனம்

மாரி மழை தொடங்கினால் முட்டு, தொய்வுக்காரர் (ஆஸ்துமாக்காரர்) உள்ள வீடுகளில், மருந்தை நுண்துளியாக்கி மூச்சோடு இழுக்கவைக்கும் நெபுலைசரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அது முகநூலில் விளம்பரம் போடுபவர்களுக்கும் வடிவாகத் தெரியும். கைக்குள் அடங்கும், சத்தமில்லை, போன் சார்ச்சரில் சார்ச் ஏறும், 'மெஷ் நெபுலைசர்', விலை 4,900 ரூபா, யாழ்ப்பாணம் முழுக்க வீட்டு வாசலில் காசு கொடுத்து எடுக்கலாம் என்று வந்த விளம்பரத்தை நம்பி எடுத்த சாமான் நெபுலைசரே இல்லை. விற்றவரின் பெயரைப் போட்டுப் பயனில்லை. பக்கத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், பெட்டிக்குள் வருவது ஒன்றுதான். ஆகவே சாமானைப் பற்றிக் கதைப்போம்.

விளம்பரத்தில் இருந்தவை: 3 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) துளி, ஆஸ்பத்திரித் தரம், மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் போடலாம், முட்டு வராமல் தடுக்கும் பியூடசோனைட் போடலாம், மூலிகைக் கசாயம் விடலாம், யூக்கலிப்டஸ் தைலம் இரண்டு துளி சேர்க்கலாம். கடைசி இரண்டையும் வாசித்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நுரையீரலுக்கு மருந்து கொண்டுபோகும் கருவியைச் செய்யத் தெரிந்த எவரும் அதற்குள் எண்ணெய் விடச் சொல்லமாட்டார்.

பின்பக்கத்துச் சின்ன ஸ்குரூக்களைக் கழற்றிப் பார்த்தால் ஒரு சிறிய லிதியம் பற்றரி, ஒரு சர்க்கிட் தட்டு, அழகுக்கு நீல எல்.ஈ.டி, மருந்துக் கிண்ணத்தின் வாயில் பசை போட்டு ஒட்டிய 20 மில்லிமீற்றர் உலோகத் தட்டு. மேசையில் வைக்கும் ஈரப்பதக் கருவியிலும் முகத்துக்குத் தண்ணீர் விசிறும் அழகுசாதனக் கருவியிலும் வருகிற அதே தட்டுத்தான். ஏமாற்று இவ்வளவு இலகுவாக நடப்பதற்கும் காரணம் அதுதான்: உண்மையான மெஷ் நெபுலைசரும் ஏறக்குறைய இதே முறையில்தான் வேலை செய்கிறது. மின்சாரம் பட்டதும் அதிரும் பீங்கான் வளையம், நுண்துளைகள் உள்ள தட்டு, நூறு கிலோஹேட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வு, எல்லாம் இரண்டிலும் உண்டு. வித்தியாசம் துளையில். மருத்துவ மெஷ்ஷில் துளைகள் சில மைக்ரோன் அளவில், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்படி செய்யப்பட்டு, வெளிவரும் துளி அளந்து பார்க்கப்பட்டிருக்கும். ஈரப்பதக் கருவியின் தட்டை யாரும் அப்படி அளப்பதில்லை. அறைக்குள் ஈரம் பரவினால் அதன் வேலை முடிந்தது.

துளியின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? 1 முதல் 5 மைக்ரோன் வரையான துளிதான் கீழ்ச் சுவாசக் குழாய்கள் வரை இறங்கும். அதற்கு மேற்பட்டதில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் படிந்து, விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போய்விடும். கண்ணுக்குத் திரள் திரளாகத் தெரியும் வெள்ளைப் புகை நல்ல அடையாளம் அல்ல. பெரிய துளிகள்தான் வெளிச்சத்தில் பகட்டாகத் தெரியும். விளம்பரக் காணொளியில் புகையைக் கறுப்புத் துணிக்கு முன்னால் காட்டுவது அதற்காகத்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நகைக்கடையில் பாவிப்பது போன்ற, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். கிண்ணத்தில் 3 மில்லிலீற்றர் 0.9 வீத சேலைன் (உப்புநீர்) விட்டு, கருவியோடு சேர்த்து நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, வாய்க்குழாயில் தேங்கிய நீரைத் துடைக்காமல் திரும்ப நிறுங்கள். நல்ல மெஷ் கருவி நிமிடத்துக்கு 0.2 மில்லிலீற்றருக்குக் குறையாமல் வெளியேற்றும். பத்து நிமிடத்தில் இரண்டு கிராமாவது குறைந்திருக்க வேண்டும். இந்தச் சாமானில் குறைந்தது 1.1 கிராம். வாய்க்குழாயின் உட்புறம் வேறு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நுண்துளி குழாய்ச் சுவரில் இப்படி மோதித் தேங்காது, காற்றோடு போய்விடும். தராசில்லாதவர்கள் இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்துக்குக் குறுக்கே விசிறலை விட்டுப் பாருங்கள். நல்ல கருவியின் மூட்டம் மிதந்து மெல்லக் கலையும், கூடாததன் துளிகள் வளைந்து கீழே விழும். மைக்ரோனை இப்படி அளக்க முடியாது, ஆனால் மோசமானதைப் பிடித்துவிடலாம். மோட்டரால் காற்றடிக்கும் கொம்பிரசர் வகைக்கு நிறைச் சோதனை அவ்வளவு பொருந்தாது. காற்று வேகமாக ஓடுவதால் தண்ணீர் தனியாகவும் ஆவியாகும், குறைந்த நிறை முழுவதும் மருந்து என்று கணக்குப் போட முடியாது.

பெரிய பொய் பியூடசோனைட் விஷயத்தில். சல்பியூட்டமோல் தண்ணீரில் கரைந்த மருந்து. பியூடசோனைட் கரைசல் அல்ல, தண்ணீருக்குள் நுண்துகள்கள் மிதக்கும் தொங்கல். அதனால்தான் அந்தச் சிறு பிளாஸ்ரிக் குப்பியை மெல்ல ஆட்டிவிட்டுத் திறக்கச் சொல்கிறார்கள். நுண்துளைத் தட்டு இல்லாமல் அதிர்வால் மட்டும் துளியாக்கும் அல்ட்ராசொனிக் வகைக் கருவிகளில் பெரும்பாலும் தண்ணீர்தான் துளியாகப் போகும், துகளில் பெரும்பகுதி கிண்ணத்திலேயே தங்கும். அந்த வகையில் பாவிக்க வேண்டாம் என்று மருந்தோடு வரும் தாளிலேயே போட்டிருக்கிறது. இந்தச் சாமானின் ஒட்டிய தட்டில் வேறொரு தொல்லை: துகள் துளைகளை அடைத்தால் கழற்றிக் கழுவ வழியில்லை. பிள்ளைக்குத் தினமும் தடுப்பு மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருப்போம் என்று பெற்றோர் நினைக்க, பிள்ளை பெரும்பாலும் உப்புத்தண்ணீரைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். முட்டு உடனே கூடாது, வாரக்கணக்கில் மெல்லக் கூடும். யாரும் கருவியைச் சந்தேகிக்கமாட்டார்கள், மருந்து சரியில்லை என்றுதான் சொல்வார்கள்.

மெஷ் நல்லதா, கொம்பிரசர் நல்லதா என்ற வாதம் ஓயாதது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. கொம்பிரசரில் மோட்டர் அடிக்கும் காற்று ஒரு நுண்துவாரத்தால் பாய, அந்த உறிஞ்சலில் மருந்து மேலே ஏறி உடைகிறது. பெரிய துளிகள் தடுப்பில் மோதித் திரும்பக் கிண்ணத்துக்கே விழும். பாரம், இரைச்சல், மின்சாரம் இல்லாவிட்டால் வேலை இல்லை. கிண்ணத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர் கடைசிவரை வெளியேறாமல் நிற்கும். 2.5 மில்லிலீற்றர் மருந்தை மட்டும் விட்டால் அதில் கணிசமான பங்கு வீண். சேலைன் சேர்த்து 4 மில்லிலீற்றர் ஆக்கச் சொல்வதன் காரணம் இதுதான். ஆனால் பெரும்பாலான மருந்துகளுக்கு ஓடும், கழுவுவது இலகு, கிண்ணமும் ரியூப்பும் பாமசியில் தனியாகக் கிடைக்கும். மெஷ் கருவி சத்தமில்லாதது, நித்திரைப் பிள்ளைக்கும் பிடிக்கலாம், மருந்து மிச்சமும் மிகக் குறைவு. அதன் உயிர் முழுவதும் நுண்துளைத் தட்டு உள்ள அந்த மெஷ் தொப்பியில்தான். அது அடைபட்டால் கருவி வெறும் பிளாஸ்ரிக்.

யாழ்ப்பாணத்தில் மெஷ் அடைபடும் வேகமும் கூட. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் மெஷ்ஷின் துளையிலும் படியும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படியும், ஆனால் மற்ற உப்புகள் போகாது. காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். அதற்கு வாகனப் பற்றரித் தண்ணீரை எடுக்க வேண்டாம், அது மருத்துவத்துக்குச் செய்ததல்ல. மெஷ்ஷை விரலாலோ பஞ்சாலோ தொடவே கூடாது. கொம்பிரசரின் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் என்றால் ஒரு பங்கு வெள்ளை வினாகிரி, மூன்று பங்கு தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, அலசி, துடைக்காமல் காற்றில் காயவிடலாம். ரியூப்புக்குள் ஈரம் தெரிந்தால் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு மோட்டரை இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள்.

என் தெரிவு: வீட்டுக்கு ஒன்று மட்டும் வாங்குவதென்றால் கொம்பிரசர். பயணத்துக்கும் மின்வெட்டுக்கும் இரண்டாவதாக மெஷ். 4,900 ரூபாவுக்கு முதலாவதாக மெஷ் என்பது நடக்காத கதை.

வாங்குமுன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மெஷ் தொப்பி தனியாக விற்கிறீர்களா, என்ன விலை? உண்மையான கருவிக்கு இதற்குப் பதில் உண்டு. 'பழுதானால் புதுசு எடுங்கோ' என்று பதில் வந்தால் அது ஒட்டிய தட்டு. பிறகு பெட்டியைப் பாருங்கள். ஐரோப்பாவுக்கென்று செய்த நெபுலைசரில் சீ.ஈ குறிக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்க வேண்டும், அது பரிசோதித்த நிறுவனத்தின் எண். எண் இல்லாத வெறும் சீ.ஈயை எந்தப் பெட்டியிலும் அச்சடிக்கலாம், பொம்மைக் காரிலும் இருக்கிறது. கையேட்டில் ஐ.எஸ்.ஓ 27427 என்ற நியமத்தின் பெயரோ, சராசரித் துளி அளவோ, நிமிடத்துக்கு எவ்வளவு, கிண்ணத்தில் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கோ இல்லையென்றால் வைத்துவிடுங்கள். இலங்கையில் மருத்துவக் கருவிகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதியப்பட வேண்டியவை. பதிவு எண்ணையும் இறக்குமதியாளரின் முகவரியையும் கேட்டால் முகநூல்காரர் பெரும்பாலும் உங்களை புளொக் பண்ணிவிடுவார். அதுவும் ஒரு பதில்தான்.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை ஏமாற்றுச் சாமான் அல்ல, நல்லவைதான், ஆனால் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். எங்கள் 230 வோல்ற்றில் குத்தினால் கொம்பிரசர் அந்த நிமிடமே கருகும். ட்ரான்ஸ்போமர் வைத்தாலும் வோல்ற் மட்டும்தான் குறையும், ஹேட்ஸ் 50 ஆகவே நிற்கும். மோட்டர் மெதுவாகச் சுற்றும், காற்று குறையும், துளி பெரிதாகும். லண்டனிலிருந்து வருவதற்கு இந்தத் தொல்லை இல்லை. மலிவு இன்வேர்ட்டர் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: சதுர அலை தரும் வகையில் இந்த மோட்டர்கள் உறுமும், சூடேறும்.

எண்ணெய்க்கு வருகிறேன். நொச்சி இலை அவித்து ஆவி பிடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த ஆவியில் ஏறுவது வெந்நீராவியும் கொஞ்சம் வாசனையும். அதே கசாயத்தை நெபுலைசருக்குள் விடுவது வேறு விஷயம். வடித்தாலும் இலைத்துகள், சர்க்கரை, பூஞ்சை வித்து எல்லாம் நுண்துளியாகி நேரே நுரையீரலுக்குள் போகும். தைலமும் எண்ணெயும் அங்கே படிந்தால் உடல் அதை அகற்றத் தெரியாமல் அழற்சி காட்டும், எண்ணெய் நிமோனியா என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். வெறும் தண்ணீரும் விடக் கூடாது, உப்பில்லாத நீர்த்துளி முட்டுக்காரரின் குழாய்களை இன்னும் இறுக்கும்.

சரியான கருவி கையில் இருந்தும் மருந்து வீணாகும் இடம் மாஸ்க். முகத்திலிருந்து ஒரு விரல் அகலம் விலகினாலே பெரும்பங்கு காற்றோடு போய்விடும். அழும் பிள்ளைக்கும் அப்படியே. மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோப்பியம் என்றால் விலகிய மாஸ்க்கிலிருந்து கண்ணுக்குள் படும், கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. பியூடசோனைட் பிடித்தபின் வாய் கொப்புளித்து, முகம் கழுவவும். இதையெல்லாம் பார்த்தால் பலருக்கு நெபுலைசரே தேவையில்லை என்பதும் விளங்கும். கடுமையற்ற முட்டுக்கு ஸ்பேசரோடு (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் குழல்) பம்ப் அடிப்பது நெபுலைசருக்குச் சளைத்ததல்ல. விலையும் மலிவு, சார்ச்சும் வேண்டாம். உங்கள் கிளினிக்கில் முதலில் அதைக் கேளுங்கள். மருந்து பிடித்தும் கதைக்க மூச்சு வராமல் இருந்தால், உதடு நீலித்தால், கருவியோடு மினக்கெடாமல் அம்புலன்சுக்கு 1990 இலக்கத்துக்கு அடியுங்கள்.

ஏமாந்தவர்களுக்கு: நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், பக்கம் நாளைக்கு இருக்காது. கூரியர்காரர் காசு வாங்குமுன் பெட்டியைத் திறக்க விடமாட்டார், ஆகவே அவர் முன்னிலையிலேயே காசைக் கொடுத்துவிட்டு வெட்டுவதிலிருந்து காணொளி எடுங்கள். பார்சலின் மேலுறையைக் குப்பையில் போடாதீர்கள். அனுப்பியவரின் தொலைபேசி எண் அந்த ஒட்டுத்தாளைத் தவிர வேறெங்கும் இராது.