எட்டுக் கோபுரக் கோட்டைப் பெட்டி வாங்கலாமா?

மட்டக்களப்பு நகரத்துப் புத்தகக் கடைகளில் தொங்கும் த்ரீடி பசில் பெட்டிகளில் இதுவும் ஒன்று. கோட்டையின் பெயர் பெட்டியில் எங்கும் இல்லை. ஆனால் எட்டு வட்டக் கோபுரத்தையும் உள்முற்றத்தை வெளிமுற்றத்திலிருந்து பிரிக்கும் குறுக்கு மதிலையும் பார்த்தால் போதும், வேல்ஸில் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் 1283இல் கட்டத் தொடங்கிய கொன்வி கோட்டைதான் இது. இரு பக்கமும் அச்சுக் கடதாசி ஒட்டிய ரெஜிபோம் தட்டுகள் 6, துண்டுகள் 94.

பசை தேவையில்லை என்று பெட்டியில் போட்டிருப்பது மதிலுக்குச் சரி, கோபுரத்துக்குச் சரிவராது. ஒவ்வொரு கோபுரமும் 12 மடிப்புள்ள நீளத் துண்டு. அதை இரண்டு வட்டத் தட்டுகளைச் சுற்றி வளைக்க வேண்டும். அப்படியே வளைத்தால் மடிப்பில் கடதாசி வெடிக்கும். முதலில் மை தீர்ந்த பேனையால் மடிப்புகளை அழுத்திக் கோடிழுங்கள். பிறகு சோடாப் போத்தலில் சுற்றி, இறப்பர் வளையம் போட்டு ஓர் இரவு விடுங்கள். கீழ்த்தட்டைச் செருகி, பொருத்தில் பைண்டர் கம் மெல்லியதாகத் தடவி, காய்ந்தபின் மேல்தட்டை வையுங்கள். சுப்பர் குளூ பக்கம் போகவே வேண்டாம், ரெஜிபோமை அரித்துவிடும்.

வாவிக்கரை ஈரம் வேறு சிக்கல். வாடைக்காலத்தில் கடதாசி ஈரத்தை இழுத்து ஊதும், உள்ளே இருக்கும் ரெஜிபோம் ஊதாது. அதனால் துண்டு வளைந்து பொருத்து வாய் பிளக்கும். வெட்டிய விளிம்புகளில் தண்ணீர் கலந்த பைண்டர் கம் ஒரு தடவை பூசினால் பாதி தப்பலாம். கச்சான் வீசும் மாதங்களில் ஒட்டுவது இன்னும் நல்லது.

வழிகாட்டித் தாள் வெளிமதிலை முதலில் முடிக்கச் சொல்கிறது. அப்படிச் செய்தால் குறுக்கு மதிலை நுழைக்க இடமிருக்காது. கோபுரங்கள், குறுக்கு மதில், கடைசியில் வெளிமதில் என்று போங்கள்.

கட்டடக்கலையில் இரண்டு பிழைகள். கோபுர உச்சியில் நிற்கும் சின்னக் காவற்கூண்டு கொன்வியில் உள்முற்றத்து நான்கு கோபுரங்களுக்கு மட்டுமே உண்டு. இங்கே எட்டுக்கும் தந்திருக்கிறார்கள். நான்கை எடுத்துவிடலாம், ஒன்றும் கெடாது. மற்றதைத் திருத்த வழியில்லை. கோபுரங்கள் மதிலோடு ஒட்டினாற்போல நிற்கின்றன. உண்மையில் அவை வெளியே துருத்த வேண்டும். அப்போதுதான் வில்லாளி பக்கவாட்டில் திரும்பி, மதிலடியில் ஏணி சாத்துகிறவனை அடிக்கலாம். அம்புத் துளைகளையும் நேர் முன்னுக்கு மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள். மதில் உச்சியின் பல்வரிசை, அதாவது நம் பழந்தமிழில் ஞாயில், சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது.

கோபுரம் வட்டமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சதுரத்தின் மூலையைத் தோண்டிச் சரிப்பது எளிது. 1215இல் இங்கிலாந்து மன்னன் ஜோன், அந்நாட்டு ரொசெஸ்டர் கோட்டையின் சதுரக் கோபுரத்து மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, முட்டுக்கட்டைகளை 40 பன்றிகளின் கொழுப்பால் எரித்து, மூலையைச் சரித்தான். திரும்பக் கட்டியபோது அந்த மூலையை மட்டும் வட்டமாக்கினார்கள். இன்றும் மூன்று மூலை சதுரம், ஒன்று வட்டம்.

பெட்டியை முடித்த பிள்ளை, புளியந்தீவுக் கோட்டையில் ஏன் உயர்ந்த கோபுரமே இல்லை என்று கட்டாயம் கேட்கும். நம்முடையது 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த பீரங்கிக் காலத்துக் கோட்டை. உயரமான கோபுரம் பீரங்கிக்கு இலகுவான குறி. ஆகவே நான்கு மூலையிலும் பதிந்த, தடித்த கொத்தளங்கள். துருத்தி நின்று பக்கவாட்டில் சுடும் வேலை மட்டும் மாறவில்லை. பெட்டியில் தவறவிட்டதை அங்கே கொத்தளத்து விளிம்பில் நின்று மதிலோரமாகப் பார்த்தால் காணலாம்.

பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். காசு கொடுக்குமுன் உறைக்கு வெளியிலிருந்தே ஞாயில் வளையங்களை எண்ணுங்கள். எட்டு இருக்க வேண்டும். அவை தட்டிலிருந்து எளிதில் கழன்று விழும், தனியாக எங்கும் விற்பதில்லை.