டன்கிர்க் சிறு படகுகள்: குன்றின் மேலிருந்தா, பியரிலிருந்தா?

1940-இல் பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையில் ஜெர்மன் படையிடம் சிக்கிய நேச நாட்டு வீரர்களை மீட்கப் போனவைதான் டன்கிர்க் சிறு படகுகள். 2025 மே மாதம், அவற்றில் மிஞ்சியவை இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ராம்ஸ்கேட்டிலிருந்து மறுபடி அங்கே கிளம்பியதைப் பார்க்கப் போனோம். எங்கே நிற்பது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. ஊருக்கு மேலே, குன்றின் விளிம்பில் வெலிங்டன் கிரசன்ட் பக்கம் என்றது ஒன்று. கீழே துறைமுகத்தின் கிழக்கு பியர், அதாவது கடலுக்குள் நீளும் கல்மேடை, என்றது இன்னொன்று. நான் பியர் கட்சி, இப்போதும் அதேதான்.

குன்றில் வசதி அதிகம். நெரிசல் இல்லை, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. வெளியே போன படகுகள் ஒன்றுசேர்ந்து வரிசை கட்டுவதும் மேலிருந்தால்தான் முழுசாகத் தெரியும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் யோசிக்காமல் அங்கேயே நில்லுங்கள்.

பியரை நான் சொல்வதற்குக் காரணம் தூரம். இவை போர்க்கப்பல்கள் இல்லை. தேம்ஸில் உல்லாசமாக ஓடிய மோட்டார் படகுகள், மீன்பிடிப் படகுகள் என்று பலவும் முப்பது, நாற்பது அடிக்காரர்கள். 1940-இல் மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கிர்க்கிலிருந்து 3,38,226 வீரர்கள் மீட்கப்பட்டார்கள். ஆழமில்லாத கரையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களைப் பெரிய கப்பல்களில் கொண்டுபோய் ஏற்ற இந்த அளவுப் படகுதான் தோதாக இருந்தது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘டாம்சைன்’ 15 அடிகூட இல்லை. இவ்வளவு சின்னதைக் குன்றிலிருந்து பார்த்தால் கடலில் கொட்டிய எள்ளாகத்தான் தெரியும்.

பியரின் முனையில் அப்படி இல்லை. துறைமுக வாய் குறுகலானது, படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வெளியேற வேண்டும். வார்னிஷ் பூசிய மரம், ‘டன்கிர்க் 1940’ என்று பொறித்த பித்தளைத் தகடு, முன்முனையில் டன்கிர்க் நகரச் சின்னம் தைத்த, வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட இங்கிலாந்துக் கொடி எல்லாம் கண்ணெதிரே போகும். எனக்கு முக்கியம் படகின் பெயர். பெயரைப் படித்துவிட்டால் போதும், சிறு படகுகள் சங்கத்தின் இணையதளத்தில் அந்தப் படகின் கதையை நின்ற இடத்திலேயே தேடிப் பார்க்கலாம். டன்கிர்க் வீரர்களின் சங்கம் 2000-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. நேரில் கண்டதைச் சொல்ல அநேகமாக ஆளில்லாத காலத்தில், பெயர் தெரியாமல் ஒரு படகைப் பார்த்து என்ன பயன்?

வெளிச்சமும் பியருக்கே சாதகம். காலைச் சூரியன் முதுகுப் பக்கம், படம் பளிச்சென்று விழும். குளிர்காற்றுக்கு மட்டும் ஒதுங்க இடமில்லை, ஜாக்கெட் கட்டாயம்.

டன்கிர்க் கரையில் நின்று அவை வந்து சேர்வதைப் பார்ப்பது மூன்றாவது வழி. நான் போனதில்லை, அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் இந்தப் பயணம். 2020-இல் கொரோனாவால் நின்றுபோனது, முறைப்படி அடுத்தது 2030. விடிகாலையிலேயே கிளம்பிவிடுவார்கள், அதுவும் காற்று ஒத்துழைத்தால்தான். லண்டனிலிருந்து முதல் ரயில் பிடித்துப் போகலாம் என்று நம்பாமல் முந்தின இரவே ராம்ஸ்கேட்டில் தங்கிவிடுங்கள். அன்று மாலை படகுகள் துறைமுகத்துக்குள் கட்டியிருக்கும்போது உரிமையாளர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். மறுநாள் குன்றுக்குத்தான் போவது என்று முடிவானால், அந்த மாலையைத் தவறவிடாதீர்கள்.