சிவப்புத் தட்டு டைமர்: மூன்று மாதம் வைத்துப் பார்த்ததில்

இதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நேரத்தை அளந்தது குக்கர்தான். "மூணு விசிலுக்குள்ள எழுதி முடிடா" என்பேன். மூன்றாவது விசில் வரும்போது நோட்டில் 'அ'வின் சுழி மட்டும் இருக்கும். பென்சில் கட்டிலுக்கடியில் கிடக்கும். பையன் வாசலில் நின்று, ரிவர்ஸ் எடுக்கும் குட்டியானைக்கு "வா வா வா" சொல்லிக்கொண்டிருப்பான்.

வயது ஐந்தரை. யூகேஜி மிஸ் டைரியில் எழுதி அனுப்பாத வாரம் இல்லை. கடைசியில் டாக்டரம்மாவிடம் போனோம். வீட்டில் எப்படி, ஸ்கூலில் எப்படி, ஆறு மாதத்துக்கு மேலாக இப்படியா என்று ஒரு மணி நேரம் கேட்டார்கள். கவனக்குறைவும் அதிகத் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்றார்கள். இந்த வயதில் எடுத்த எடுப்பில் மாத்திரை கிடையாது, முதல் பயிற்சி அப்பா அம்மாவுக்குத்தான் என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கணும். சின்ன வயதில் அவரும் இதே ரகம் என்று மாமியார் ஏற்கனவே சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குச் சொன்னதில் ஒன்று மனதில் நின்றது. 'அஞ்சு நிமிஷம்' என்றால் எவ்வளவு என்று இந்தப் பிள்ளைகளுக்கு உள்ளுக்குள் தெரியாது, அதைக் கண்ணுக்குக் காட்டணும். அதற்குத்தான் இந்த டைமர்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, மண்ணடியில் இறங்கி, நாராயண முதலி தெருவில் ஒரு கடையில் பேரம் பேசி 480 ரூபாய்க்கு வாங்கினேன். பில் இல்லை, திரும்ப எடுக்கவும் மாட்டார்களாம். டைம் டைமர் என்று அமெரிக்காவில் ஜான் ராஜர்ஸ் என்ற அம்மா தன் மகளுக்காகக் கண்டுபிடித்ததுதான் இதற்கெல்லாம் மூலம். "இன்னும் எவ்ளோ நேரம்" என்று அந்தப் பெண் ஓயாமல் கேட்டதாம். நான் வாங்கியது பெட்டியில் பேர்கூட ஒழுங்காக இல்லாத சரக்கு.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. நடுவில் ஒரு குமிழ். அதைத் திருப்பினால் வெள்ளை முகப்பில் சிவப்புத் தட்டு விசிறி மாதிரி விரியும். பத்து நிமிடம் வைத்தால் சின்னத் துண்டு, அறுபது வைத்தால் முழு வட்டம். நேரம் போகப் போகச் சிவப்பு தேய்ந்துகொண்டே வந்து, காணாமல் போனதும் பெல் அடிக்கும். எண் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஊத்தப்பத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதல் வாரம் தண்டம். எழுதச் சொன்னால் எழுதாமல் சிவப்பு தேய்வதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாம் நாளே முன்னாலிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றித் தட்டைக் கையால் சுற்றிவிட்டான். பெவிக்விக் போட்டு ஒட்டினோம். "இன்னாடி இது, கடியாரத்த வெச்சி புள்ளைய மெரட்டினுகீறே" என்று மாமியார் வேறு. நாலாம் நாள் டைமரைத் தூக்கி பீரோ மேல் வைத்தேன். தலையை நிமிர்த்தினால்தான் தெரியும், எழுதும்போது கண்ணில் படாது. அதற்கப்புறம்தான் வேலை நடந்தது.

ஐந்து நிமிடம் எழுத்து, பிறகு எழுந்து மாடிப்படியில் ஒரு ஓட்டம், மறுபடி ஐந்து. ஒரு சிவப்பு முடிந்தால் என் தையல் பெட்டியிலிருந்து ஒரு சட்டைப் பொத்தான், அவனே எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவான். 'டங்'கென்று விழும் சத்தத்துக்காகவே எழுதுகிறான். ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னதெல்லாம் இவனிடம் செல்லாது. கைமேல் காசு மாதிரி அப்போதே கிடைக்கணும். இப்போது எட்டு நிமிடம் வரை உட்காருகிறான். டிவி அணைப்பதிலும் பாதிச் சண்டை குறைந்துவிட்டது. அணைக்கச் சொல்வது நான் இல்லை, சிவப்பு.

குறை சொல்லணும் என்றால், முதலில் 'டிக் டிக்' சத்தம். எங்களுடையது ஒரே ஹால், ராத்திரி நன்றாகவே கேட்கும். பெல்லும் ரொம்பக் கத்தல், பின்னால் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டிவைத்திருக்கிறேன். இன்னொன்று, எண்கள் கடிகாரத்துக்கு நேர் எதிராகப் போகின்றன. கடிகாரத்தில் ஒன்பது இருக்கும் இடத்தில் இதில் 15. கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் சமயத்தில் பையன் குழம்பிவிட்டான்.

அவன் தானாக மூழ்கிக் கிடக்கும்போது இதை வைக்கவே வைக்காதீர்கள். கவனமே இல்லை என்கிறார்களே, அதே பையன் போன மாதம் உடைந்த ரேடியோவைப் பிரித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அசையவில்லை. நடுவில் பெல் அடித்தது. அன்றைக்கு அவன் போட்ட கூச்சல் தெரு முனை வரை கேட்டிருக்கும். ஸ்கூலுக்குக் கிளம்பும் காலை நேரத்திலும் இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஒரு ஷூ போட்டதும் அடுத்த ஷூ மறந்துபோகிறவனுக்கு டைமர் என்ன செய்யும்?

கடைக்காரர் சொல்லாத ஒன்று இருக்கிறது. தண்ணீர் டேங்க் நிரம்புவதைப் பார்க்க மாடிக்குக் கூப்பிட்டான். "இருடா, அஞ்சு நிமிஷம்" என்றேன். தைத்துக்கொண்டிருந்தது கல்யாண ப்ளவுஸ். பீரோ பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டைமரைக் கொண்டுவந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்துக்குத் திருப்பி, என் மெஷினில் ஊசிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். பெல் அடித்தபோது கை பாதி ஏற்றியிருந்தேன்.

"செவப்பு பூட்ச்சி. எந்திரிம்மா."

ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்து போனேன். ப்ளவுஸ் மறுநாள் காலையில்தான் கொடுத்தேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். ஒரு ஏ.ஏ. பேட்டரி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியில் இருக்காது.